பின் வரிசையில் ஒரு ட்ராம்போன்

இரவு எட்டு மணி. ஏழு பேர். ட்ராம்போன்: ஜெ. லாசர்.

ரயில்வே இன்ஸ்டிடியூட் கிளப் வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் அப்படித்தான் எழுதுவார்கள். நீங்களும் அப்படியே ஆரம்பியுங்கள் தம்பி. பொன்மலை ரயில்வே காலனி, 1974, சனிக்கிழமை டான்ஸ். ஜாஸ் பற்றி எழுதத்தானே சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள்? ஜாஸை மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு நான் எந்த பேண்டில் வாசித்தேன், எந்தத் தெருவில் நடந்தேன், அதெல்லாம் பத்திரிகைக்கு வேண்டாம். கேட்டால் சொல்கிறேன். எழுத வேண்டாம். டீயைக் குடியுங்கள், ஆறினால் வாயில் வைக்க முடியாது.

முதலில் என் கையை எழுதுங்கள். இதோ பாருங்கள், முழங்காலைத் தொடும். இந்தக் கையால்தான் எனக்கு ட்ராம்போன் கிடைத்தது. கிளைவ் பெரேரா என்று ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன், ஆங்கிலோ இந்தியர், சாக்ஸபோன் வாசிப்பார். அவர்தான் பேண்டு லீடர். இன்ஸ்டிடியூட் அலமாரியில் ஒரு ட்ராம்போன் ரொம்ப நாளாய் ஆளில்லாமல் கிடந்தது. நான் ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ். பள்ளிக்கூட பேண்டில் வாசித்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏய் மேன், கையை நீட்டு பாக்கலாம்" என்றார்.

நீட்டினேன். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் இண்டர்வியூ. ட்ராம்போனில் பொத்தான் கிடையாது தம்பி. இந்த ஸ்லைடு இருக்கிறதே, இந்த நீளக் குழாய், இதை முன்னால் தள்ளித் தள்ளித்தான் சுரம் பிடிக்க வேண்டும். கடைசி இடத்துக்குத் தள்ள நீளமான கை வேண்டும். முன்னால் இடமும் வேண்டும். இந்த இடம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனது அந்த இடத்தால்தான்.

ஸ்லைடு வழுக்கிக்கொண்டு போக முகத்துக்குப் போடும் கோல்டு கிரீமைத் தடவி, மேலே தண்ணீர் தெளிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் என் மனைவி லூர்து தன் கிரீம் டப்பாவைத் தேடாத நாள் கிடையாது. "எம் மூஞ்சியைவிட உங்க குழாய் மினுமினுன்னு இருக்கு" என்பாள்.

இன்னொன்றும் எழுதுங்கள். ஜாஸில் ட்ராம்போன் வாயை ரப்பர் கிண்ணத்தால் மூடி மூடித் திறப்பார்கள். பேசுகிற மாதிரி சத்தம் வரும். கிளைவ் அதைச் சொன்னபோது அந்தக் கிண்ணத்துக்கு எங்கே போவது? நான் கொட்டாங்கச்சியை எடுத்து, உள்ளே பழைய துணியை ஒட்டி, அதை வைத்து வாசித்தேன். கிளைவ் விழுந்து விழுந்து சிரித்தார். "லாசர், திஸ் இஸ் தேங்காய் ஜாஸ், மேன்!" டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று கை தட்டினார்கள். திருச்சி ஜில்லாவில் கொட்டாங்கச்சி வைத்து ஜாஸ் வாசித்தவன் நான் ஒருவன்தான். இதை எழுதுங்கள். இதற்கு யாரும் மறுப்பு சொல்ல முடியாது.

பிறகு ஆங்கிலோ இந்தியர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியா போனார்கள். டிரம்ஸ் போனது, பியானோ போனது, கடைசியில் கிளைவும் போனார். கரும்பலகையில் டான்ஸுக்குப் பதிலாக ஹவுஸி ஹவுஸி என்று எழுதினார்கள், நம்பர் கூப்பிட்டு அடிக்கிற ஆட்டம். நான் ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டு பெங்களூர் போனேன். எல்லோரும் பைத்தியம் என்றார்கள். பெரிய ஓட்டல் தம்பி, மெரூன் கோட்டு, எட்டு வருஷம். இது பொய் இல்லை. 1984இலிருந்து 1992 வரை நான் பெங்களூரில் ஜாஸ் வாசித்தேன். போட்டோ இருக்கிறது, காட்டுகிறேன்.

மாதம் ஒரு முறை திருச்சிக்கு வருவேன். என் மகள் ரெஜினா சின்னப் பிள்ளை. தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து கொட்டாங்கச்சியை வைத்து ஒரு இழுப்பு இழுப்பேன். கீழேயிருந்து மேலே, ரெண்டே சுரம், நடுவில் விடாமல் இழுத்துக்கொண்டு போவது. "ரே...ஜி" என்று கூப்பிடுகிற மாதிரியே கேட்கும். செருப்பில்லாமல் ஓடி வருவாள்.

அப்புறம் கீபோர்டு வந்தது. அதில் ட்ராம்போனுக்கு ஒரு பட்டன். மானேஜர் நல்ல மனுஷன்தான். "லாசர், பட்டன் லீவு கேக்காதுப்பா" என்றார். மெரூன் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். திருச்சிக்கு வந்தேன். கேட்டவர்களிடம் லீவில் வந்திருப்பதாகச் சொன்னேன். அந்த லீவு இன்னும் முடியவில்லை.

இங்கேயே நிறுத்திவிடலாம். ஜாஸ் இதோடு முடிந்தது.

என்ன? பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்தேன் என்றா? அதுதான் எழுத வேண்டாம் என்றேனே. பாலக்கரையில் தனிஸ்லாஸ் மாஸ்டர் பேண்டு செட்டு. அதில் சேர்ந்தேன். சிவப்பு யூனிஃபார்ம், தங்கக் கலர் நாடா, தொப்பி. கல்யாணத்துக்கு பேண்டு கூப்பிடுவதை ஜனங்கள் விட்டுவிட்டார்கள். சாவுக்கு மட்டும் இன்னும் விடவில்லை. "லாசருன்னு பேரை வச்சுக்கிட்டு பொணத்துக்கு முன்னாடி வாசிக்கிறியே, எழுந்திரிச்சிரப் போவுதுடா" என்று தனிஸ்லாஸ் தினம் ஒரு தரம் சொல்லுவார். பைபிளில் ஏசு கல்லறையிலிருந்து எழுப்பினாரே, அந்த லாசர். தினம் ஒரு தரம் தானே சிரிப்பார்.

தம்பி, தலையை ஆட்டாதீர்கள், நீங்கள் சொல்ல வருவது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஜாஸே சவ ஊர்வலத்தில்தான் வளர்ந்தது, அங்கே சாவுக்குப் போகும்போது சோகமாகவும் திரும்பும்போது குஷியாகவும் வாசிப்பார்கள். கிளைவும் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். அங்கே சம்பந்தி பார்க்க மாட்டான்.

என் மகள் என்னிடம் பேசுவதில்லை. அதற்குக் காரணம் அந்தச் சிவப்பு யூனிஃபார்ம். வேறு எதுவும் இல்லை. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல்தான் வைத்திருந்தேன். பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, யூனிஃபார்மைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, ரிகர்சல் என்று சொல்லிவிட்டுப் போவேன். லூர்துவுக்கு மட்டும் தெரியும். அவள்தான் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைப்பாள். 2001இல் அவள் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகும் யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுத்தான் இருக்கும். ஒரு தடவை அறுந்த பொத்தானைக்கூடத் தைத்து வைத்திருந்தது. தனிஸ்லாஸ் வீட்டில் செய்திருப்பார்கள். ரெஜிக்கு ஒன்றும் தெரியாது. கல்லூரிக்குப் போகிற பிள்ளை, அவளுக்கு எதற்கு அதெல்லாம்?

அவள் கல்யாணம் 2006இல். மாப்பிள்ளை அல்போன்ஸ், திண்டுக்கல் மேட்டுப்பட்டி. மாப்பிள்ளையின் அப்பா சவரிராயன், பூட்டுக்கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது என்னைக் கேட்டார்.

"சம்பந்தி என்ன பண்றீங்க?"

"மியூசிக்."

"கோவில்ல பாடுறதா?"

"இல்லங்க. ஜாஸ். பெங்களூர்ல, ஓட்டல்ல. ட்ராம்போன்."

பொய் என்று எழுதாதீர்கள். வருஷம் மட்டும்தான் தப்பு. ரெஜி அப்போது காபி கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஒரு நொடி நின்றாள், பிறகு தட்டை நீட்டினாள். வெட்கம்.

சவரிராயன் வெள்ளை மனசுக்காரர். "ஜாஸுன்னா எனக்கு என்னன்னு தெரியாது சம்பந்தி. ஆனா எங்க மேட்டுப்பட்டியில எவன் சம்பந்தியும் அதை வாசிக்கல" என்றார். ஊர் முழுக்கச் சொன்னார். கடைக்குப் பூட்டு வாங்க வருகிறவனிடமெல்லாம் சொன்னார். கல்யாணத்துக்கு நான் வாடகைக் கோட்டில் போனேன், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் போன் பண்ணுவார். "பெங்களூர்ல குளிருதா சம்பந்தி?" பாலக்கரையில் மின்சாரம் போய், கழுத்தில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருப்பேன். "ஸ்வெட்டர் போட்டுட்டுதான் பேசுறேன் சம்பந்தி" என்பேன். "ஒரு தடவை அந்தக் குழாயை நம்ம வீட்டுக்குக் கொண்டாந்து வாசிங்க, காதாரக் கேக்கணும்" என்பார். வருகிறேன் வருகிறேன் என்று அஞ்சு வருஷம் ஓட்டினேன். ட்ராம்போனோடு அந்த ஊரில் நான் இறங்கினால், திருச்சிப் பக்கம் சாவுக்கு வந்து பார்த்தவன் எவனாவது அங்கே இருப்பான். என் மகள் வாழ்கிற இடம். அவளுக்காகத்தான் போகவில்லை.

2011 ஜூலையில் ஒருநாள் விடிகாலை ரெஜி போன் பண்ணினாள்.

"அப்பா, மாமா போயிட்டாருப்பா. நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி போற வழியிலயே..." அழுதாள். "நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம். வந்துருங்கப்பா."

"பெங்களூர்ல புரோகிராம் இருக்கேம்மா. டிக்கெட் கிடைக்கணும்..."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எப்படியாவது வாங்கப்பா. எப்படி வந்தாலும் சரி."

பஸ்ஸோ ரயிலோ என்று சொல்கிறாள். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். மனசில் போகத்தான் நினைத்தேன் தம்பி. பஸ்ஸில் போய், பெங்களூரிலிருந்து வந்த மாதிரி ஒரு சூட்கேஸோடு இறங்கிவிடலாம் என்று சூட்கேஸைக்கூடத் துடைத்து வைத்தேன்.

மத்தியானம் தனிஸ்லாஸ் வந்தார். வாயெல்லாம் பல்.

"லாசரு, நாளைக்குத் திண்டுக்கல். முழு செட்டு. உன்னாலதான்டா இந்த ஆர்டர்."

"என்னாலயா?"

"ட்ராம்போன் இருக்குற பேண்டுதான் வேணுமாம். மதுரையில கேட்டுட்டாங்க, கரூர்ல கேட்டுட்டாங்க, எவன்கிட்டயும் இல்ல. செத்தவரோட சம்பந்தி பெரிய ஜாஸ்காரராம், பெங்களூர்ல இருக்காராம். அவரால வர முடியாதாம். 'அவர் வரலன்னாலும் அவர் வாத்தியம் வரட்டும், எங்கப்பா கேக்கணும் கேக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு'ன்னு அந்தப் பையன் போன்ல அழுவுறான். நல்ல பையன்."

"நம்ம நம்பர் அவங்களுக்கு எப்படி மாஸ்டர் தெரியும்?"

"வீட்டுல ஒரு பொண்ணு குடுத்துச்சாம்."

திருச்சியில் வளர்ந்தவள். பாலக்கரை வழியாகப் போகும்போது தனிஸ்லாஸ் போர்டைப் பார்த்திருப்பாள். என் கெட்ட நேரம்.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் வராவிட்டால் தனிஸ்லாஸ் அங்கே போய், "எங்க ட்ராம்போன்காரர் பொன்மலை லாசர் திடீர்னு வரலைங்க" என்று பேரைச் சொல்லியே மன்னிப்புக் கேட்பார். சூட்கேஸோடு சம்பந்தியாகப் போனால் பேண்டுக்காரன் அத்தனை பேரும் "என்ன லாசரண்ணே, இங்க நிக்கிற?" என்பான். பேண்டோடு போவதுதான் பத்திரம். பன்னிரண்டு பேரில் ஒருவன். யாருக்குத் தெரியப்போகிறது?

காலையில் மீசையை எடுத்துவிட்டேன். இருபது வயசிலிருந்து இருந்த மீசை. மீசை இல்லாமல் வாத்தியத்தை உதட்டில் வைத்தால் யாருடைய வாயோ மாதிரி இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன், தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டேன். வேனில் ஏறியதும் தனிஸ்லாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்தது உங்கப்பனா?" என்றார். வேன் முழுக்கச் சிரித்தது.

இப்போது அந்த இடம் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லைடை நீட்ட முன்னால் இடம் வேண்டும் என்பதால், நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டில் ட்ராம்போன் எப்போதும் முன் வரிசையில்தான் போகும். உலகம் முழுக்க அதுதான் சட்டம். பின்னால் விட்டால் முன்னால் போகிறவன் முதுகில் குழாய் இடிக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். மேட்டுப்பட்டியில் இறங்கும்போது அதுதான் என் மனசில் இருந்தது. கல்யாணத்தில் கோட்டோடு பார்த்த சனம் ரெண்டு பக்கமும் நிற்கும், நடுவில் முதல் ஆளாகச் சிவப்புச் சட்டையில் நான் போக வேண்டும்.

"மாஸ்டர், இன்னைக்கு நான் கடைசி வரிசையில போறேன்."

"ஏன்? குழாய எங்க நீட்டுவ, ஆகாசத்துலயா?"

"கண்ணு வலி மாஸ்டர். வெயில் முகத்துல அடிக்குது."

"வெயில் கடைசி வரிசைக்கு மட்டும் லீவு விட்டிருக்கா?" என்றார். ஆனால் விட்டுவிட்டார், நேரமாகிவிட்டது.

வீட்டு வாசலில் நின்று முதல் பாட்டு வாசித்தோம். நான் பெரிய டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சவரிராயனைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, டிரம் மறைத்தது. அப்போது அல்போன்ஸ் தனிஸ்லாஸிடம் வந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ட்ராம்போன் வரலைங்களா?"

"வந்திருக்காருங்க. பின்னாடி இருக்காரு."

"அவரை முன்னாடி வரச் சொல்லுங்க. எங்க மாமனாரு வாசிக்கிறது அது. அப்பாவுக்கு..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தனிஸ்லாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து ஸ்லைடுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெளித்துக்கொண்டே இருந்தேன். ஊர்வலம் கிளம்பிவிட்டது.

நான் அன்றைக்குப் பண்ணின முட்டாள்தனம் என்ன தெரியுமா? கிறிஸ்தவ அடக்கத்தில் பேண்டு முன்னால் போகும். பேண்டுக்குப் பின்னால் சிலுவை, சாமியார், பிறகு சவ வண்டி, வண்டியை ஒட்டிக் குடும்பம். முன் வரிசையில் நடந்திருந்தால் ஊருக்குத்தான் என் முகம், வீட்டுக்காரர்களுக்கு முதுகு, அதுவும் தூரத்தில். கடைசி வரிசைக்குப் போனதால் என் மகளுக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். பதினெட்டு வருஷம் சாவுக்கு வாசித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

ரெஜியின் அழுகை எனக்கு முதுகில் கேட்டுக்கொண்டே வந்தது. எத்தனை பேர் அழுதாலும் சொந்தப் பிள்ளை அழுகை தனியாகத் தெரியும். ஸ்லைடைப் பாதி மட்டும் நீட்டி, கிடைத்த சுரத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன். கோவில் திருப்பத்தில் மாதா பாட்டு. மூன்றாவது அடியில் கீழேயிருந்து மேலே ஒரு இடம் வரும். தாவிப் போக வேண்டும். என் கை இழுத்துவிட்டது. பழக்கம் தம்பி. ரெண்டே சுரம், நடுவில் விடாமல்.

பின்னால் அழுகை நின்றுவிட்டது. மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நிறுத்திவிட்டாள்.

டிரம்முக்கு அந்தப் பக்கம் போய்விடலாம் என்று குறுக்கே நுழைந்தேன். பெரிய டிரம் அடிக்கிறவன் கையை ஓங்கினான், அவன் முழங்கை என் ஸ்லைடில் பட்டது. என் விரலிலிருந்து குழாய் கழன்று முன்னால் போகிறவன் முதுகில் இடித்து ரோட்டில் விழுந்தது. பித்தளை தார் ரோட்டில் விழுந்தால் கோவில் மணி மாதிரி இருக்கும். பேண்டு நின்றது. சிலுவை நின்றது. சவ வண்டி நின்றது. சாமியார் செபத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ரோட்டுக்கு நடுவில் என் ஸ்லைடு கிடந்தது. என் கையில் பாதி ட்ராம்போன்.

அல்போன்ஸ் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தான். குனிந்து குழாயை எடுத்தான். தோள் துண்டால் மண்ணைத் துடைத்தான். ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். கறுப்புக் கண்ணாடிக்குள்ளே பார்த்தான்.

"மாமா" என்றான்.

அவன் முகத்தில் கோபம் இருந்ததா என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. 'இவரா உன் ஜாஸ் மாமனார்?' என்று நாளைக்கு அவனைத்தானே கேட்கும்? அவன் மரியாதையைக் காப்பாற்ற எனக்கு ஒரே வழிதான் இருந்தது.

"யாருங்க? நான் பேண்டுக்காரன்" என்றேன்.

அவனுக்குப் பின்னால் ரெஜி வந்து நின்றாள். தலை கலைந்து, முகமெல்லாம் ஈரமாக. என் மொட்டை உதட்டைப் பார்த்தாள். "அப்பா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையில் தெருமுனையில் கூப்பிடுவாளே, அப்படி.

"ஆள் மாறிப் பேசுறீங்கம்மா. உங்கப்பா யாரோ, நான் யாரோ" என்றேன்.

நன்றாகத்தான் சொன்னேன். பிசிறு இல்லாமல் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள்கூட நம்பிவிட்டார்கள். "பாவம், துக்கத்துல அந்தப் பொண்ணுக்கு யாரைப் பாத்தாலும் அப்பனாத் தெரியுது" என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

ரெஜி அல்போன்ஸ் கையிலிருந்து குழாயை வாங்கினாள். என்னிடம் நீட்டினாள்.

"வாசிங்க" என்றாள்.

திரும்பிப் போய் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஊர்வலம் கிளம்பியது. ஸ்லைடு நசுங்கிவிட்டது, பாதிக்கு மேல் போகவில்லை. கல்லறை வரைக்கும் ரெண்டு மூன்று சுரத்தை வைத்துக்கொண்டு வாசித்தேன். அவள் அதற்குப் பிறகு அழவே இல்லை. தைரியமான பிள்ளை. ஒரு வகையில் நான் சொன்னதுதான் அவளைத் திடப்படுத்தியது என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் நானே போன் பண்ணினேன். விட்ட இடத்தைச் சரிபண்ண வேண்டுமே. "ரெஜி, டிக்கெட்டே கிடைக்கலம்மா. ஓட்டல்லயும் விடல. நேத்து பூரா எனக்கு மனசு அங்கதான் இருந்துச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

முழுக்கக் கேட்டாள்.

"முடிஞ்சுதுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

எப்போதும் "சரிப்பா" என்று சொல்லித்தான் வைப்பாள். சம்பந்தி வீட்டு மரியாதை பழகிவிட்டது, வாங்க போங்க என்று வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பண்ணினேன். அல்போன்ஸ் எடுத்தான். "நல்லாருக்கீங்களா மாமா?" என்று கேட்டான். அவன் அப்படித்தான், ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டான். "ரெஜி இருக்காளா தம்பி?" என்றேன். "பக்கத்துலதான் மாமா இருக்கா" என்றான். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பையன் சிரிக்கிற சத்தம் கேட்டது, என் பேரனாக இருக்கும். குக்கர் விசில் கேட்டது. அவள் பேசவில்லை.

அந்த யூனிஃபார்ம்தான் தம்பி. மரியாதையான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், அப்பனை நடுரோட்டில் சாவு பேண்டு யூனிஃபார்மில் பார்த்தால் எப்படித் தாங்குவாள்? நான்தான் அவளைக் காப்பாற்றினேன். நான் யாரோ, நீ யாரோ என்று சொன்னேனே, அது அவளுக்காக. அவள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. இன்றைக்கு வரைக்கும் புரிந்துகொள்ளவில்லை. சில நாள் சாயங்காலம் இந்தக் கொட்டாங்கச்சியை எடுத்து வைத்துக்கொள்வேன். அந்த இழுப்பை மட்டும் இழுப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, ஓடி வந்துவிடும்.

மீசையைத் திரும்ப வளர்த்துவிட்டேன். வெள்ளையாக வந்தது.

போட்டோ எடுக்க வேண்டுமா? எடுங்கள். இருங்கள், கோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், போட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் வந்தால் திண்டுக்கல்லுக்கும் போகும் இல்லையா? பேருக்குக் கீழே 'ஜாஸ் கலைஞர்' என்று போடுங்கள்.

எழுத மாட்டீர்கள் என்றால் கடைசியாக ஒன்று சொல்கிறேன். சம்பந்தியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். 2017 மே 20, சனிக்கிழமை, மேட்டுப்பட்டியில் அடக்கம். எனக்கு யாரும் போன் பண்ணவில்லை. தனிஸ்லாஸுக்குப் பண்ணியிருந்தார்கள், ட்ராம்போன் வேண்டும் என்று. இந்தத் தடவை கண்ணாடி போடவில்லை, முன் வரிசையில் நடந்தேன். நல்ல வெயில். கோவில் திருப்பத்தில் வீட்டுக்காரர்கள் பேண்டுக்காரர்களுக்கு மோர் கொடுத்தார்கள். ரெஜிதான் தூக்குவாளியோடு வந்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடமும் ஒரு டம்ளரை நீட்டி, மற்றவர்களிடம் சொன்ன மாதிரியே "எடுத்துக்கங்கய்யா" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற கிளாரினெட்காரருக்கு ஊற்றப் போனாள்.